உரைகல்லில் ஒரு சுற்று

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்ததும் வருகின்ற எளாவூரில் இறங்கி, சுண்ணாம்புக்குளத்து வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போகின்றவர்கள், வலை உலர்த்திய முற்றங்களையும் கரையேற்றிக் கவிழ்த்த படகுகளையும் கண்டு திரும்புவார்களேயன்றி, வீட்டுக்குள்ளே அடுப்பங்கரை மாடத்தில் ஒதுங்கிக் கிடக்கும் உள்ளங்கையளவுக் கல்லைக் காணமாட்டார்கள். அது உரைகல். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு முதலிய சரக்குகளை அவித்து உலர்த்தியோ சுட்டோ வைத்துக்கொண்டு, குழந்தையின் வயிறு எப்போது கோளாறு செய்கிறதோ அப்போது ஒவ்வொன்றையும் அக்கல்லின் மீது தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ இழைத்துப் புகட்டுவது நம் நாட்டுத் தாய்மார்களின் நெடுநாளைய வழக்கம். அதற்கு உரைமருந்து என்று பெயர்.

அத்தகைய குப்பம் ஒன்றில், ஏழு மாதக் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஓர் இளம் தாயும், அவளுடைய மாமியாரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

“அத்தே, கடுக்கா எத்தினி சுத்து?”

“ரெண்டு சுத்து இழைம்மா. வசம்பு மட்டும் ஒரே சுத்து. அதுக்கு மேல போவக் கூடாது.”

குழந்தைக்கு என்ன உபாதை என்று கேட்டேன். நான்கு நாளாக மலம் இறுகிப்போய், முக்கி முக்கி அழுகிறதென்றும், இது முதல் தடவையில்லை, இரண்டு மாதமாகவே இப்படித்தான் என்றும் சொன்னாள். மருத்துவரிடம் காட்டினாயா என்றதற்கு, காட்டியதாகவும் மருந்து கொடுத்ததாகவும் சொல்லிவிட்டு, சற்றுத் தாழ்ந்த குரலில், “இழைச்சுக் குடுக்கறத மட்டும் சொல்லலைங்க ஐயா. சொன்னா திட்டுவாங்க,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. தன் சிசுவின் வயிற்றுக்குள் சென்ற ஔஷதத்தை, அந்தச் சிசுவுக்கு வைத்தியம் செய்கிறவரிடமிருந்தே ஒரு தாய் மறைக்க வேண்டியிருக்கிறது. இதே நிலையில் ஒரு காலத்தில் இருந்து, பின்னர் அதிலிருந்து மீண்ட ஒரு தேசம் இருக்கின்றது என்பதை நினைத்தபோது, அந்தத் தேசத்தின் அனுபவத்தை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று. அத்தேசம் ஜப்பான்.

பழவேற்காட்டுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1613-இல் டச்சுக் கம்பெனியார் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியும் தங்கள் சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினார்கள். இக்கரையில் நெய்து சாயம் தோய்த்த துணிகளைக் கொண்டுபோய்த்தான் கீழைத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள்; ஜாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளை 1621-இல் வாளால் வசப்படுத்தியவர்களும் அவர்களே. ஜப்பானிலோ, 1641-க்குப் பிறகு நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் மட்டும் இருக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘சாந்தோமே’. நம் மயிலாப்பூர்ச் சாந்தோமேதான் அது. துணியோடு கூடவே அந்தக் கப்பல்களில் ஐரோப்பிய மருத்துவமும் போய் இறங்கிற்று. அந்தப் புதிய மருத்துவத்துக்கு ‘ராம்போ’, அதாவது டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் முறை, என்று பெயர் வைத்த பிறகுதான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்திலிருந்து வந்து தங்கள் மண்ணில் வேரூன்றிவிட்ட பழைய மருத்துவத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமென்று ஜப்பானியருக்குத் தோன்றி, சீனத்து ஹான் முறை என்ற பொருளில் ‘காம்போ’ என்று அழைக்கலாயினர். அயலான் ஒருவன் வாசலில் வந்து நின்ற பிறகே நம் வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டியிருப்பது போல!

காம்போ மருத்துவத்தில் குழந்தைகளின் குடல் நோய்களுக்கென்று முக்கியமாகப் பிரயோகிக்கப்படும் இரண்டு கஷாயங்களைப் பற்றி மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்று ஷோகென்சூட்டோ, மற்றொன்று டைகென்சூட்டோ. ‘கென்’ என்றால் கட்டியெழுப்புதல், ‘சூ’ என்றால் நடு, அதாவது ஜீரணம் நடைபெறும் வயிறு, ‘டோ’ கஷாயம். ஆகவே, நடுவைக் கட்டியெழுப்பும் சிறு கஷாயம், பெருங் கஷாயம் என்று அவற்றை நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். இரண்டும், ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற வைத்தியரின் சாஸ்திரத்திலிருந்து வந்தவை.

சிறு கஷாயத்தின் சரக்குகளைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் வியப்படைய மாட்டார்கள்: பட்டை, இஞ்சி, அதிமதுரம், நம் இலந்தைக்கு உறவான பெரிய இலந்தைப்பழம், பியோனி என்ற பூச்செடியின் வேர், இவற்றோடு தானியத்தின் மாவுச்சத்தை முளைப்பயிரின் சாரத்தால் பக்குவம் செய்து எடுக்கும் ஒரு பாகு. பியோனி வேரும் அதிமதுரமும் சேர்ந்து தசையின் இழுப்பைத் தளர்த்துகின்றன; பாகு இனிக்கிறது. உடல் மெலிந்து, எளிதில் களைத்து, அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலிக்கிறதென்று அழும் குழந்தைக்கு இது கொடுக்கப்படுகிறது. பெருங் கஷாயத்தில் நான்கே சரக்குகள்: அவித்து உலர்த்திய இஞ்சி, ஜின்செங் வேர், சான்ஷோ என்ற காரமான காய், அதே பாகு. சான்ஷோ எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதை நாவில் வைத்தால் மிளகின் காரத்தோடு ஒருவித மரமரப்பும் உண்டாகும். வயிறு குளிர்ந்து, உப்பி, குடல் நெளிவது தோலுக்கு வெளியே தெரியும்படி வலிக்கின்றவர்களுக்கு உரியது என்று இதைப் பற்றிப் பழைய வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள்.

வகுத்திருக்கிறார்கள் என்றேன், எப்படி வகுத்தார்கள் என்பதுதான் காம்போவின் விசேஷம். நம் சித்தர்கள் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு சொன்னார்கள். சீனர்களும் நாடியை உயர்வாக எண்ணினார்கள். ஜப்பானியரோ வயிற்றைத் தொட்டறிவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் யோஷிமாசு டோடோ என்ற பெருவைத்தியர், நோயின் மூலம் வயிற்றில் தெரியும் என்று சாதித்து, கைக்குத் தட்டுப்படாத தத்துவங்களைப் புறக்கணித்தார். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, விலாவின் கீழும் தொப்புளின் இருபுறமும் விரல்களால் மெல்ல அழுத்தி, தசை எங்கே நரம்புபோல் விறைத்திருக்கிறது, எங்கே பஞ்சுபோல் தளர்ந்திருக்கிறது, எங்கே சில்லிட்டிருக்கிறது என்று அறிந்த பின்னரே அவர்கள் கஷாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தைகள் இருவருக்கும் மலச்சிக்கல்தான் என்றாலும், இருவர் வயிறும் ஒன்றாக இராவிட்டால் கஷாயமும் ஒன்றாக இராது.

இவ்வளவு நுட்பமாக வளர்ந்த மருத்துவம் அழிவின் விளிம்புக்கும் போய் வந்தது. ஜப்பானின் மேஜிப் பேரரசர் ஆட்சிக் காலத்தில் மேலை மருத்துவமே ராஜாங்க மருத்துவம் என்று 1874 முதல் சட்டங்கள் பிறந்தன. மேலை மருத்துவப் பரீட்சையில் தேறாதவன் மருத்துவன் ஆக முடியாதென்று ஆயிற்று. காம்போ வைத்தியர்கள் தங்கள் பரம்பரைக்குத் தனி உரிமம் கேட்டுக் கொண்டுவந்த மசோதா 1895-இல் ஜப்பானியப் பாராளுமன்றத்தில் தோற்றது. அதற்குப் பின் மேலை மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்களுள்ளேயே சிலர், தாங்கள் கற்றதன் குறையை உணர்ந்து, பழைய ஏடுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். வாடா கெய்ஜூரோ 1910-இலும், யூமோட்டோ கியூஷின் 1927-இலும் வெளியிட்ட நூல்கள் அந்தப் புனர்ஜன்மத்துக்கு வித்தாயின. 1976 முதல் காம்போ மருந்துகள் பரவலாக அரசின் சுகாதாரக் காப்பீட்டுக்குள் வந்தன. இன்று 148 கலவைகள் அந்தக் காப்பீட்டின்கீழ் கிடைக்கின்றன. 2001-இல் எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்குமான பொதுப் பாடத்திட்டத்திலேயே காம்போ இடம்பெற்றது. அங்கே காம்போவுக்கென்று தனி வைத்தியர் ஜாதி ஒன்று கிடையாது; அறுவைச் சிகிச்சை செய்கிற அதே கரம்தான் சான்ஷோக் கஷாயத்துக்கும் மருந்துச்சீட்டு எழுதுகிறது.

நம் சென்னை மாகாணத்தின் கதை வேறு திசையில் போயிற்று. நம் சொந்த வைத்திய முறைகளை ஆராய 1921-இல் அமைக்கப்பட்ட முகமது உஸ்மான் குழு, அவற்றை ஆதரித்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக, கேப்டன் சீனிவாசமூர்த்தியின் தலைமையில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. பின்னர் 1960-இல் கீழ்ப்பாக்கத்தில் நவீன மருத்துவக் கல்லூரி எழுந்தது. 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி பிறந்தது. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. குழந்தை மருத்துவத்துக்கு அங்கே தனித் துறையே உண்டு. மதிக்கத்தக்க நிறுவனங்கள்தாம். ஆயினும் இரு மருத்துவங்களும் இரு கட்டடங்களில் குடியேறிவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தப் பிரிவு ஒரு கதவும் பொதுப் பிரிவு மறு கதவுமாக இருந்தால், இரண்டு கதவுக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்தில் அந்த ஏழு மாதக் குழந்தையின் தாய் வாய்மூடி நிற்கிறாள்.

இனி, கஷாயம் உண்மையில் வேலை செய்கிறதா என்பது. டைகென்சூட்டோ இன்று பெரும்பாலும் கஷாயமாகக் காய்ச்சப்படுவதில்லை. குருணைப் பொடியாகச் சிறு பொட்டலங்களில் வருகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 கிராம். அதில் 10 கிராம் பாகு; மிகுதியில் 5 கிராம் இஞ்சி, 3 கிராம் ஜின்செங், 2 கிராம் சான்ஷோ இவற்றிலிருந்து வடித்த 1.25 கிராம் சத்து இருக்கிறது. குழந்தைகளுக்கு எடைக்கும் வயதுக்கும் தக்கபடி குறைப்பார்கள். காம்போ மருந்துகளிற் பல கசப்பானவை என்பதால், கோகோவிலோ பழக்கூழிலோ குழைத்துக் கொடுக்கும் தந்திரங்களை ஜப்பானியத் தாய்மார்கள் கைக்கொள்கிறார்கள். பாகு சேர்ந்த இவ்விரண்டு கஷாயங்களுக்கும் அந்தப் பிரயாசை அவ்வளவாக வேண்டாம். சான்ஷோவின் காரச்சத்தும் சுக்கின் காரச்சத்தும் குடற்சுவரிலுள்ள உணர்நரம்புகளைத் தூண்டி, குடலின் அசைவையும் அதற்குள் ஓடும் இரத்தத்தையும் பெருக்குகின்றன என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குடல் அசையாது நின்றுவிடும்போது ஜப்பானியச் சிகிச்சை நிபுணர்கள் வழக்கமாக இதைக் கொடுக்கிறார்கள்.

குழந்தைகளில் இது பயன்படும் ஒரு முக்கியமான நோயைச் சொல்ல வேண்டும். சில குழந்தைகளுக்குப் பெருங்குடலின் கடைப்பகுதியில் குடலை அசைக்கும் நரம்பணுக்களே பிறவியில் அமைவதில்லை. 1886-இல் அதை விளக்கிய டென்மார்க் மருத்துவரின் பெயரால் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் என்று அழைக்கப்படுகிறது. பிறந்த 48 மணி நேரத்துக்குள் கருமலம் போகாததே பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி. அதற்குக் கஷாயம் மருந்தாகாது. அந்தக் குடற்பகுதியை அறுத்து நீக்கியே தீரவேண்டும். நீக்கிய பிறகும் வருஷக்கணக்காகத் தொடரும் உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும்தான் ஜப்பானியக் குழந்தை அறுவை மருத்துவர்கள் டைகென்சூட்டோவைத் துணையாகக் கொள்கிறார்கள். கத்திக்கும் கஷாயத்துக்கும் எது எங்கே நிற்க வேண்டுமென்ற எல்லை இங்கே தெளிவாக இருக்கிறது. நான் போற்றுவது இந்தத் தெளிவையே.

டைகென்சூட்டோவுக்கான சான்றுகள் முழுமையானவை என்று யாரும் எண்ண வேண்டா. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, பெருங்குடலின் முற்பகுதி விரைவாகக் காலியாகிறதென்று 2010-இல் வெளியிட்டார்கள். ஆனால் மலச்சிக்கலுள்ள பெண்களிடம் அதே நிலையத்தார் பின்னர் செய்த சோதனையில் குடலின் வேகம் குறிப்பிடத்தக்கபடி மாறவில்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளோ சிறியவை.

ஜப்பானியர் தங்கள் மருந்துகளின் தீமையை மறைக்காமல் எழுதிவைத்ததை இதைவிடவும் முக்கியமாக நான் கருதுகிறேன். அதிமதுரம் மிஞ்சினால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும், கைகால் தளரும் என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். சான்ஷிஷி என்ற காய் சேர்ந்த கலவைகளைப் பல்லாண்டு உட்கொண்டால் குடலின் இரத்தக்குழாய்களே தடித்துப்போகக்கூடும் என்பதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்களும் பெரும்பாலும் ஜப்பானிய மருத்துவர்கள்தாம். பெருங்குடற் புண் என்னும் தீராத நோய்க்கு, சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் ‘செய்தாய்’ என்ற நீலப்பொடி வியக்கத்தக்க பலன் தருவதாக வளர்ந்தவர்களிடம் முறையான சோதனையிலேயே தெரியவந்தது. நம் அவுரியின் நீலத்துக்கு உடன்பிறப்பு அது. ஆனால் அதை உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து விளைந்ததைக் கண்டவுடன், 2016-இல் ஜப்பானிய அரசு எச்சரிக்கை விடுத்தது. பலன் உண்டு, ஆபத்தும் உண்டு, இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினார்கள். நம்முடைய மருந்துக்குத் தீமையே கிடையாது, இயற்கையானது என்று நம்மில் பலர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரை உரைகல்லுக்குத் திரும்புவோம். அதன் மீது இழைபடும் சரக்குகள் வெறும் நம்பிக்கைப் பொருள்களல்ல. மாசிக்காய் என்பது மேற்காசிய ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சு. அதன் துவர்ப்பு, இளகிப்போகும் மலத்தைக் கட்டும். கடுக்காயோ இறுகிய மலத்தை இளக்கும். நோய்க்கேற்றபடி எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது அந்த மாமியாருக்குத் தெரிந்திருந்தது. ‘ரெண்டு சுத்து’ என்று அவர் சொன்னாரே, அது ஒரு பிரமாணம். ஜப்பானியர் கிராம் கணக்கில் நிறுத்ததை அவர் சுற்றுக் கணக்கில் நிறுத்தார். கல்லின் சொரசொரப்பும் கையின் அழுத்தமும் வீட்டுக்கு வீடு மாறுமாகையால் அது திட்டமான பிரமாணம் ஆகாது. ஆனாலும், அளவு மீறினால் மருந்தே நஞ்சு என்ற ஞானம் அந்த ஒற்றைச் சுற்றில் அடங்கியிருக்கிறது.

அவர் வசம்பை ஒரே சுற்றோடு நிறுத்தச் சொன்னதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று செல்லமாக அழைக்கப்படும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற ஒரு சத்து இருக்கிறது. அது விலங்குகளில் புற்றை உண்டாக்கக் கண்டு, 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதையே தடை செய்தது. சுட்டுக் கரியாக்கித்தான் கொடுக்க வேண்டுமென்று நம் வழக்கத்தில் இருப்பது வீண் சடங்காக எனக்குத் தோன்றவில்லை. ஜாதிக்காய் மிஞ்சினால் குழந்தை மயங்கிக் கிடக்கும். தூங்குகிறதென்று தாய் மகிழ்ந்துவிடக் கூடாது. உரைமருந்தைத் தேனில் குழைக்கும் வழக்கத்தை ஒரு வயது நிறையும் வரை அறவே விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் விஷத்தை உண்டாக்கவல்லது. பூச்சிக்கென்று சிலர் கொடுக்கும் ஆடுதின்னாப்பாளையை எந்த வயதிலும் தொடலாகாது. அந்த இனத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதென்று உலகமறிய நிரூபணமாகிவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும், உரைமருந்து உட்பட, தாமாகப் புகட்டாதிருப்பதே உத்தமம்.

இன்னொன்று, இவற்றைவிட அவசரமானது. குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. ஜப்பானிய வைத்தியரின் விரல் வயிற்றை விசாரிக்கிறது. இந்தக் கையோ விசாரிக்காமலே பிசைகிறது. குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் கைக்குழந்தைகளுக்கு வருவதுண்டு. நல்ல குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடும், சற்று ஓயும், மறுபடி வீறிடும், பச்சையாக வாந்தியெடுக்கும், மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து போகும். அப்போது உருவுவதும் இழைப்பதும் காலத்தைக் கொல்வதாகும். அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வயிற்றுப்போக்கு 14 நாளைத் தாண்டினாலும், குழந்தை எடை ஏறாமல் நின்றாலும், இரவில் வலி எழுப்பிவிட்டாலும் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்த வியாதி.

ஏரிக்கரையில் மருந்துக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். நிலத்தடி நீர் உவர்ந்துபோன குப்பங்களில் குடிதண்ணீர் குடத்திலும் கேனிலும் வருகிறது. வந்த தண்ணீர் எத்தனை நாள் திறந்து கிடந்தது, யார் கை பட்டது என்பதில்தான் குழந்தையின் குடல் நலத்தில் பாதி அடங்கியிருக்கிறது. எந்தக் காம்போவும் எந்தச் சித்தமும் அசுத்த நீருக்கு மாற்றுச் செய்துவிட முடியாது.

விடைபெறுமுன் அந்த இளம் தாயிடம், கல்லில் இழைத்ததை மருத்துவரிடம் அவசியம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். கிழவியார் சற்று யோசித்துவிட்டு, “வெறும் வாயால சொன்னா திட்டத்தான் செய்வாங்க. எது எத்தினி சுத்துன்னு எழுதி எடுத்துட்டுப் போம்மா,” என்றார். குழந்தையின் தடுப்பூசி அட்டை தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அதன் பின்பக்கத்தில் இடமிருந்தது. கடுக்காய் இரண்டு, மாசிக்காய் இல்லை, சுக்கு ஒன்று, வசம்பு சுட்டது ஒன்று என்று மாமியார் சொல்லச் சொல்ல, அவள் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.